ஒற்றை மூலக்கூறை மோப்பம் பிடித்த கரித்தாள்

1962ஆம் ஆண்டு மூன்று நாடுகளில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்பவரும் சேம்ப் லயன்ஸ் என்பவரும், நொதி ஒன்றை மின்முனையின் மேல் படிய வைத்தால் அதைக் கொண்டு சர்க்கரையின் அளவைக் கண்டறியலாம் என்று விவரித்தார்கள். இன்று இனிப்பு நீர் உள்ளவர்கள் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைப் பரிசோதிக்கிறார்களே, அந்தக் கருவியின் மூதாதை அதுதான்.

அதே ஆண்டில் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் தெட்சுரோ செய்யாமாவும் அவருடைய குழுவினரும், துத்தநாக ஆக்சைடை மெல்லிய படலமாக்கிச் சூடேற்றினார்கள். சுற்றியிருக்கும் காற்றில் எரிவாயு கலந்தவுடன் அந்தப் படலத்தின் மின்தடை மாறியது. காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஒரு மின்கம்பியே சொல்லிவிடும் நிலை அன்று உருவானது. நவோயோஷி தகுச்சி என்ற இன்னொரு ஜப்பானியர் வெள்ளீய ஆக்சைடைக் கொண்டு இதே வேலையைச் செய்து, வீட்டுச் சமையலறையில் மாட்டும் அபாய மணியாகவே ஆக்கிவிட்டார். எரிவாயு தோம்பு கசிந்து வீடுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய கண்டுபிடிப்பு காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கு யாரிடமும் இருக்காது.

மூன்றாவது காரியம் ஜெர்மனியில் நடந்தது. ஹான்ஸ் பீட்டர் போஹ்ம், உல்ரிச் ஹோஃப்மன் ஆகியோர் அடங்கிய ஒரு குழு, காரீயத்தை அமிலத்தில் பிரித்து, பிறகு அதிலிருந்த ஆக்சிஜனை நீக்கி, மிக மிக மெல்லிய கரித்தாள்களை உண்டாக்கியது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, இவற்றில் மிக மெல்லியவை ஒரே ஓர் அணு அடுக்கு கனமுள்ளவை என்று அவர்கள் எழுதினார்கள். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வேண்டிய காரணமும் அன்று யாருக்கும் தெரியவில்லை.

சர்க்கரையை உணரும் மின்முனை, வாயுவை உணரும் படலம், ஓர் அணு கனமுள்ள கரித்தாள். இந்த மூன்றும் ஒரே மேசையில் வந்து சேர 45 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. சேர்ந்த பிறகு நடந்ததுதான் இன்னும் சுவையானது.

அடுக்கு அடுக்கான கரி

பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் பென்சிலின் முனை எழுதுகிறது என்றால் என்ன நடக்கிறது? காரீயம் எனப்படும் கிராஃபைட், அணுக்கள் தேன்கூடு போல அறுகோணம் அறுகோணமாகப் பின்னிய தாள்களால் ஆனது. தாளுக்குள் பிணைப்பு மிக வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ள பிடிப்போ மிகத் தளர்ந்தது. அதனால்தான் அது உரசினால் உதிர்கிறது. 1 மில்லிமீட்டர் கனமுள்ள கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் தாள்கள் இருக்கின்றன. அந்தத் தாள்களில் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தால் அதற்குப் பெயர் கிராஃபீன். இந்தப் பெயரை 1986இல் முன்மொழிந்தவர்களில் ஒருவரும் அதே போஹ்ம்தான்.

பிரித்தெடுக்கும் முயற்சி இதற்கும் முந்தியது. 1859இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் பிராடி என்ற வேதியியலாளர், கிராஃபைட்டின் அணு எடையை அறிய வேண்டும் என்று புறப்பட்டார். பொட்டாசியம் குளோரேட்டையும் கடும் நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்துப் பல நாட்கள் சூடேற்றினார். மறுபடி மறுபடி அப்படியே செய்தார். கறுப்புக் கிராஃபைட் மஞ்சள் நிறப் பொருளாக மாறியது. தூய நீரில் போட்டால் அது பிரிந்து கலந்தது. தாம் ஒரு புதிய தனிமத்தையே தொட்டுவிட்டதாக எண்ணி அதற்கு 'கிராஃபான்' என்று பெயரிட்டு, எடை 33 என்றும் எழுதிவைத்தார். அது தவறு. ஆனால் அவர் கையில் இருந்த பொருள் தவறல்ல. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் செய்யப்படும் கிராஃபீன் ஆக்சைடு அதுவேதான்.

பிராடியின் முறையில் வெடிவிபத்து ஆபத்து உண்டு. 1958இல் அமெரிக்கர்களான ஹம்மர்ஸ், ஆஃப்மன் இருவரும் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஆகியவற்றைக் கொண்டு நாள் கணக்கில் ஆன வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துக் காட்டினார்கள். 2010இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு சோடியம் நைட்ரேட்டைக் கைவிட்டு, பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்து, நச்சுப் புகை வராமல் செய்தது. சமையல் குறிப்பு தலைமுறை தலைமுறையாகத் திருந்தி வருவது போலத்தான் இதுவும்.

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் செய்தது வேறு. அமிலமும் இல்லை, உலையும் இல்லை. ஒட்டும் நாடாவைக் கிராஃபைட் மேல் ஒட்டி, உரித்து, மீண்டும் மீண்டும் மடித்து உரித்து, சிலிக்கான் தகட்டின் மேல் பதித்தார்கள். அதோடு நிற்காமல் அந்தத் தாளில் மின்முனைகளை இணைத்து மின்சாரத்தையும் ஓடவிட்டு அளந்தார்கள். 2010இல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 2010 ஜனவரியில், கெய்ம் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் செய்தி ஏட்டுக்குக் கடிதம் எழுதி, போஹ்ம் குழுவின் 1962ஆம் ஆண்டு வேலையை எடுத்துச் சொன்னார். முன்னோடிகளை மறைக்க எல்லா வசதியும் இருந்தும் மறைக்காத மனிதர்.

2007இன் அதிசயம்

வாயுவை உணர்வதற்கு இந்தத் தாள் ஏன் பொருத்தம்? செய்யாமாவின் படலத்தில் வாயு தொடுவது மேற்பரப்பை மட்டும். உள்ளே இருக்கும் அணுக்களுக்கு வெளியே நடப்பது தெரியாது. கிராஃபீனில் 'உள்ளே' என்ற ஒன்றே கிடையாது. எல்லா அணுவும் வாசலில் நிற்கிறது. ஒரு கிராம் கிராஃபீனைத் தாள் தாளாக விரித்தால், இரு பக்கங்களையும் சேர்த்து சுமார் 2,630 சதுர மீட்டர் பரப்பு வரும். இரட்டையர் பூப்பந்துத் திடல்களாகக் கணக்கிட்டால் 32 திடல்கள்!

இந்தத் தாளின் மேல் நைட்ரஜன் டையாக்சைடு மூலக்கூறு ஒன்று வந்து உட்கார்ந்தால், அது தாளிலிருந்து எலெக்ட்ரானை இழுத்துக்கொள்ளும். அமோனியா உட்கார்ந்தால் எலெக்ட்ரானைக் கொடுக்கும். கொடுத்தாலும் எடுத்தாலும் தாளின் மின்தடை மாறும். தாளில் இயல்பாக எழும் மின் இரைச்சல் மிகக் குறைவு என்பதால், சின்னஞ்சிறு மாற்றமும் தெளிவாகத் தெரியும்.

2007இல் மான்செஸ்டர் குழுவினர் ஷெடின் என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்டு ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். நைட்ரஜன் டையாக்சைடு மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டும்போதும் விலகும்போதும் மின்தடை படிக்கட்டு போலத் தாவுவதை அவர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு படியும் ஓர் எலெக்ட்ரானுக்குச் சமம். வாயுவை உணரும் கருவிகளின் வரலாற்றில் ஒற்றை மூலக்கூறு வரை இறங்கியது அதுவே முதன்முறை. இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 2000இல், ஸ்டான்ஃபோர்டின் ஹோங்ஜீ டாய் குழு கரி நானோகுழாய்களைக் கொண்டு இதே இரண்டு வாயுக்களை உணர்ந்து காட்டியிருந்தது. ஆனால் ஒற்றை மூலக்கூறு என்பது வேறு உயரம்.

செய்தி பரவியது. ஆய்வுக்கூடங்கள் முண்டியடித்தன. நோயாளியின் மூச்சுக் காற்றிலிருந்தே நோயைக் கண்டுபிடிக்கலாம், வெடிமருந்தை விமான நிலையத்திலேயே மோப்பம் பிடிக்கலாம் என்றெல்லாம் பேசப்பட்டது. 2008இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ராபின்சன் குழு, கிராஃபீன் ஆக்சைடைப் பாதி அளவுக்கு ஆக்சிஜன் நீக்கி, நச்சு வாயுக்களையும் வெடிமருந்து ஆவியையும் உணரும் கருவி செய்தது. அதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆக்சிஜன் முழுவதும் போகாமல் மிச்சமிருந்த 'குறை'களே மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகளாக வேலை செய்தன. எவ்வளவு ஆக்சிஜனை நீக்குவது என்பதைக் கொண்டே கருவியின் குணத்தை மாற்றலாம். பிராடியின் அழுக்கு முறைக்கு 149 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை இது.

அழுக்கு செய்த வேலை

2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சார்லி ஜான்சனின் குழு ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டது. கிராஃபீன் தாளில் மின்முனை பொருத்த வேண்டுமானால், முதலில் அதன் மேல் அக்ரிலிக் பிளாஸ்டிக் பூசி, எலெக்ட்ரான் கதிரால் கோலம் வரைந்து, பிறகு பிளாஸ்டிக்கைக் கரைத்து எடுக்க வேண்டும். முழுவதும் கரைகிறதா? இல்லை. மெல்லிய பிசுக்கு ஒன்று தாளின் மேல் தங்கிவிடுகிறது. ஜான்சன் குழு ஹைட்ரஜனும் ஆர்கனும் கலந்த வாயுவில் தாளைச் சூடேற்றி அந்தப் பிசுக்கை நீக்கியது. பிறகு அதே ஆவிகளைக் காட்டிப் பார்த்தது.

கருவி கிட்டத்தட்ட ஊமையாகிவிட்டது!

அதாவது அதுவரை ஆவிகளை உணர்ந்ததில் பெரும் பங்கு கிராஃபீனுடையது அல்ல. மேலே ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பிசுக்கு ஆவியை உறிஞ்சித் தாளின் அருகே திரட்டிக் கொடுத்திருக்கிறது. தாள் அதைப் படித்துச் சொல்லியிருக்கிறது. இது மான்செஸ்டர் அளவீட்டைப் பொய்யாக்கவில்லை. நைட்ரஜன் டையாக்சைடு வலுவாக எலெக்ட்ரானை இழுக்கும் வாயு, அதன் கதை தனி. ஆனால் 'கிராஃபீனே எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கும்' என்ற பேச்சு அன்றோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்பதுதான் வருத்தம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், தாளைச் சுத்தம் செய்தார்களா என்பதே தெரியாத கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

சரி, இந்தக் கண்டுபிடிப்பால் நன்மை என்ன? வழி தெரிந்தது. தாள் படிக்கும், ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. நைட்ரஜன் டையாக்சைடும் எலெக்ட்ரானை எடுக்கிறது, காற்றின் ஈரப்பதமும் எடுக்கிறது. மழை பெய்தால் அடிக்கும் அபாய மணியை யார் வீட்டில் மாட்டுவார்கள்? ஆகவே குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பிடிக்கும் ஒன்றைத் தாளின் மேல் தெரிந்தே வைக்க வேண்டும். ஹைட்ரஜனைப் பிடிக்க வேண்டுமா, பல்லேடியம் துகளைத் தூவினார்கள். வேறு வாயுக்களுக்கு வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தார்கள். தகுச்சியின் பழைய வெள்ளீய ஆக்சைடு நூற்றுக்கணக்கான பாகை சூட்டில்தான் வேலை செய்யும். ஆக்சிஜன் நீக்கிய கிராஃபீன் ஆக்சைடோடு கலந்தபோது, பல கலவைகள் அறை வெப்பத்திலேயே வேலை செய்தன. 1962இல் தனித்தனியே பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு இப்படிச் சம்பந்தம் ஆனது.

கிளார்க்கின் நொதியும் வந்து சேர்ந்தது. 2009இல் சீனாவின் சாங்சுன் நகர ஆய்வாளர்கள், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற அதே நொதியைக் கிராஃபீன் மேல் நிறுத்திச் சர்க்கரையை அளந்தார்கள். கன்சாஸில் மோகன்டி, பெர்ரி இருவரும் 2008லேயே ஒற்றை பாக்டீரியா ஒட்டுவதைக் கிராஃபீன் ஆக்சைடு வழியாக உணர்ந்து காட்டியிருந்தனர்.

உயிர்ப்பொருளை உணர்வதில் வேறொரு தடை இருக்கிறது. நோய்க்கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தாளின் மேல் நேரடியாக ஒட்டினால் தாள் கெட்டுவிடும். அதற்குப் பைரீன் என்ற தட்டையான மூலக்கூறு உதவியது. கரித்தாளின் மேல் அது தானாகவே படுத்துக்கொள்ளும். அதன் மறுமுனையில் எதிர்ப்பொருளைக் கோத்துவிடலாம். இந்த வித்தையை 2001இல் நானோகுழாய்க்காகக் கண்டறிந்தது டாய் குழு. ஆனாலும் மனித இரத்தம் உப்பு நீர். உப்பில் உள்ள மின்னூட்டத் துகள்கள் வந்த விருந்தாளியைச் சுற்றித் திரை போட்டுவிடுகின்றன. அந்தத் திரையைத் தாண்டி, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரம் வரைதான் தாளால் பார்க்க முடியும். எதிர்ப்பொருளின் உயரமோ சுமார் 10 நானோமீட்டர். உச்சியில் வந்து ஒட்டும் கிருமி தாளின் கண்ணுக்கு எட்டாது. நீர்த்த உப்புக் கரைசலில் அழகாக வேலை செய்யும் கருவி, உண்மையான இரத்தத்தில் தடுமாறுவதற்கு இதுவே காரணம். குட்டையான மரபிழைத் துண்டுகளை எதிர்ப்பொருளுக்குப் பதிலாக வைப்பது ஒரு மாற்று வழி. ஜப்பானில் ஒசாகா ஆய்வாளர்கள் அதைக் கிராஃபீனில் செய்து காட்டினார்கள்.

தாள் செய்வது யார்?

இவ்வளவும் இருக்க, ஒரு கருவி போல இன்னொன்று இருக்க வேண்டாமா? ஒட்டும் நாடாவால் உரித்த தாள் தூய்மையானது, ஆனால் எள் அளவுகூட இருக்காது. இரண்டும் ஒன்று போல வராது.

2009இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ரோட்னி ருஆஃப் குழு, செம்புத் தகட்டை 1,000 பாகைக்குச் சூடேற்றி, அதன் மேல் மீத்தேன் வாயுவைச் செலுத்தியது. கரி அணுக்கள் செம்பில் கரையாமல் மேலேயே பரவி ஒற்றைத் தாளாக நின்றன. மறு ஆண்டே தென்கொரியாவில் 30 அங்குலத் தாள் வந்துவிட்டது. ஆனால் செம்பிலிருந்து தாளைப் பெயர்த்து எடுக்க மறுபடியும் அதே அக்ரிலிக் பூச்சு, அதே பிசுக்கு!

இன்னொரு பக்கம் மலிவான வழிகள். டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனதன் கோல்மன் குழு 2008இல் கிராஃபைட்டைத் திரவத்தில் போட்டு மீயொலியால் பிரித்தது. 2014இல் சமையலறை மிக்சியில் பாத்திரம் கழுவும் திரவத்தோடு கிராஃபைட்டை அடித்தாலே கிராஃபீன் வரும் என்று காட்டியது. அதே 2014இல் டூர் குழு, பாலிமைடு என்ற பிளாஸ்டிக் தாளின் மேல் லேசர் கதிரை ஓட்டி நேரடியாகக் கிராஃபீன் கோடுகளை எழுதியது. மலிவாக, ஒருமுறை பயன்படுத்தி எறியும் உணரிகளுக்கு இந்த முறை நன்கு பொருந்தியிருக்கிறது.

சந்தையில் கிலோ கணக்கில் விற்கப்படும் தூள் எப்படிப்பட்டது? இதற்கு விடை சிங்கப்பூரிலிருந்து வந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்டோனியோ காஸ்ட்ரோ நெட்டோ தலைமையிலான குழு, ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த 60 தயாரிப்பாளர்களின் மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. நோவோசெலோவும் அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். 10 அடுக்குக்கு மேல் போனால் அது கிராஃபீன் அல்ல என்பதே அளவுகோல். பெரும்பாலான மாதிரிகளில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. பாதிக்கு மேல் இருந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் பொடி செய்த கிராஃபைட். பென்சில் கரியைப் பொன் விலைக்கு விற்றிருக்கிறார்கள்!

இது வெறும் வியாபாரக் குற்றம் அல்ல. ஆய்வு மாணவர் ஒருவர் அந்தத் தூளை வாங்கி உணரி செய்கிறார், அது வேலை செய்யவில்லை. கிராஃபீன் உதவாது என்று எழுதுகிறார். இன்னொருவரின் தூளில் உலோக அழுக்கு இருக்கிறது, அது வேலை செய்துவிடுகிறது. கிராஃபீன் அற்புதம் என்று எழுதுகிறார். இருவரும் நேர்மையானவர்கள். இருவர் கையிலும் இருந்தது கிராஃபீன் அல்ல.

ஒழுங்கான தாளோடு வேலை செய்தவர்கள் மெல்ல முன்னேறினார்கள். 2019இல் கலிபோர்னியாவில் கியானா ஆரன் குழு, மரபணுவைத் தேடிப் பிடிக்கும் கிரிஸ்பர் புரதத்தைக் கிராஃபீன் மேல் நிறுத்தி, டூஷேன் தசைச் சிதைவு நோய்க்குரிய மரபணுக் குறையைச் சுமார் 15 நிமிடத்தில் கண்டறிந்தது. மரபணுவை முதலில் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டிய அவசியமே அதில் இல்லை. 2020இல் கோவிட் பரவத் தொடங்கிய சில மாதங்களுக்குள் தென்கொரிய ஆய்வாளர்கள், கிருமியின் முள் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பைரீன் வழியாகக் கிராஃபீனில் கோத்து, நோயாளிகளின் மூக்கு, தொண்டை மாதிரிகளில் கிருமியைக் கண்டார்கள். இருந்தாலும் அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் உலக மக்கள் மூக்கில் விட்டுக்கொண்ட குச்சி வேறு. வீட்டுச் சோதனைப் பெட்டியில் கோடு காட்டியது பழைய காகிதப் பட்டைதான். கிராஃபீன் கருவி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

காரணம் பழைய காரணமே. ஆயிரம் கருவி செய்தால் ஆயிரமும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். இதை உணர்ந்த சிலர் வேறு திசையில் போனார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து உருவான பாராகிராஃப் என்ற நிறுவனம், செம்பையும் அக்ரிலிக்கையும் விட்டுவிட்டு, கருவிக்குரிய தகட்டின் மேலேயே கிராஃபீனை வளர்க்கும் முறையைக் கையாண்டது. அது முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது வாயு உணரியும் அல்ல, நோய் உணரியும் அல்ல. காந்தப்புலத்தை அளக்கும் உணரி. மூடிய பெட்டிக்குள் இருக்கும் தாளுக்கு ஈரமும் இல்லை, உப்பும் இல்லை, அழுக்கும் இல்லை அல்லவா? 2023இல்தான் அது, கிரிஸ்பர் கருவியோடு தொடர்புடைய கார்டியா பயோ என்ற சான் டியாகோ நிறுவனத்தை வாங்கி, உயிர்ப்பொருள் பக்கம் திரும்பியது.